நாய்க்கடியும் நியாயமும்

ஈப்போவின் புறநகரில் ஒரு தாமான். மாலை மணி ஐந்தரை. கூடுதல் வகுப்பு முடிந்து மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி மிதிவண்டியில் வீடு திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி, ஒரு வீட்டின் இரும்புக் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. உள்ளிருந்து பாய்ந்து வந்த நாய் அவளது கெண்டைக்காலைக் கவ்வுகிறது. மிதிவண்டி சாய்கிறது, சீருடை கிழிகிறது, காலில் இரத்தம் வழிகிறது.

சத்தம் கேட்டு நாயின் உரிமையாளர் ஓடி வருகிறார். நாயை இழுத்துக்கொண்டே, "பயப்படாதே அம்மா, எங்க நாய் ஒண்ணும் செய்யாது," என்கிறார். கடித்த பிறகு சொல்லப்படும் அந்தச் சொற்களுக்குப் பொருள் ஏதும் இல்லை. ஆயினும் நாய் வளர்ப்போர் பலர் தம் நாயைப் பற்றி உண்மையிலேயே அப்படித்தான் நம்புகின்றனர்.

அன்றிரவு அம்மாணவியின் வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது. மருத்துவத்திற்கும் போக்குவரத்திற்கும் ஆகும் செலவை அண்டை வீட்டாரிடம் கேட்கலாமா? அம்மா கேட்கலாம் என்கிறார். பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த பாட்டியோ, "அக்கம்பக்கத்துல காசு கேட்டு நிக்கிறதா? நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?" என்று தயங்குகிறார். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. இழப்பீடு என்பது என்ன, அது யாரிடம் எப்படிக் கேட்கப்பட வேண்டும் என்பதை அறிந்தால் இந்தத் தயக்கம் தீரும்.

முதலில் உயிர், பிறகு உரிமை

நாய்க்கடியைப் பற்றிய எந்தப் பேச்சும் தண்ணீர்க் குழாயடியில்தான் தொடங்க வேண்டும். கடிபட்ட இடத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோயின் கிருமி நாயின் எச்சிலில் இருக்கக்கூடும். நன்றாகக் கழுவினால் காயத்தில் தங்கும் கிருமிகளின் அளவு வெகுவாகக் குறைகிறது. காயத்தின்மேல் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் போன்றவற்றை அப்புவது தவறு. அது புண்ணை மேலும் கெடுக்கும்; சிகிச்சையையும் தாமதப்படுத்தும்.

அடுத்த கட்டமாக, தாமதிக்காமல் சுகாதார நிலையத்திற்கோ மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும். டெட்டனஸ் தடுப்பூசி தேவையா, ரேபிஸ் தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். ரேபிஸ் தடுப்பூசி ஒரே நாளில் முடிவதன்று. குறிப்பிட்ட நாள்களில் தொடர்ந்து போட்டுக்கொள்ள வேண்டும். இடையில் நிறுத்தக் கூடாது.

ரேபிஸ் நோயின் அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் அறிகுறி தோன்றுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொண்டால் நோயைத் தடுத்துவிடலாம். பிரான்சு நாட்டில் 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தம் தடுப்பூசியைச் செலுத்தச் செய்தார், சிறுவன் பிழைத்தான். தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்திலுள்ள குன்னூரில் 1907-ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் பாஸ்டர் நிறுவனம் இந்தத் தடுப்பு மருத்துவத்தின் வழிவந்ததே.

மலேசியாவிலும் இந்த ஆபத்து கடந்தகாலக் கதையாகிவிடவில்லை. 2015-ஆம் ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய வட மாநிலங்களில் நாய்களிடம் ரேபிஸ் கண்டறியப்பட்டது. 2017-ஆம் ஆண்டு முதல் சரவாக் மாநிலத்தில் பரவிய நோய் பல உயிர்களைப் பறித்தது. உலகளவில் மனிதருக்கு ஏற்படும் ரேபிஸ் நோயில் 99 விழுக்காடு நாய்களின் வழியே வருகிறது. கடிபடுவோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்ட சிறுவர்கள். ஆகவே, "சின்னக் கீறல்தானே" என்று விட்டுவிடுவது பெருந்தவறு.

சான்று இல்லாத சொல்

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவைக்கு வெறுங்கையோடு செல்லவில்லை. ஒற்றைச் சிலம்பை ஏந்திச் சென்றாள். அரசியின் சிலம்பில் இருப்பவை முத்துகள். தன் சிலம்பில் இருப்பவை மாணிக்கங்கள் என்பதை உடைத்துக் காட்டினாள். அவளது துயரம் அவையோரின் மனத்தைத் தொட்டது. வழக்கைத் தீர்த்ததோ அவள் காட்டிய சான்று. இன்றைய நீதிமன்றத்திலும் நிலை அதுவே.

நாய்க்கடியில் சான்று வேகமாக மறைந்துவிடும். காயம் ஆறிவிடும், சீருடை துவைக்கப்பட்டுவிடும், கதவு பழுது பார்க்கப்பட்டுவிடும், பார்த்தவர் மறந்துவிடுவார். எனவே, முதல் சில நாள்களிலேயே இவற்றைச் செய்வது நல்லது.

முதலாவதாக, காயத்தையும் சம்பவ இடத்தையும் திறந்திருந்த கதவையும் நாள், நேரம் தெரியும்படி படம் எடுத்து வைக்க வேண்டும். இரண்டாவதாக, காவல் நிலையத்தில் புகார் செய்து அதன் நகலைப் பெற வேண்டும். மூன்றாவதாக, மருத்துவமனை தரும் சீட்டுகள், ஊசி அட்டை, கட்டண ரசீதுகள் யாவற்றையும் ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும். நான்காவதாக, சம்பவத்தைக் கண்டவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவதாக, ஊராட்சி மன்றத்திடம் தெரிவிக்க வேண்டும். ஈப்போவில் அது ஈப்போ மாநகர் மன்றம். நாய்க்கு உரிமம் உண்டா என்பதை அந்த மன்றத்தால் சரிபார்க்க இயலும். கடித்த நாயை அடையாளம் கண்டு 10 நாள்கள் கண்காணிப்பது மருத்துவ முடிவுக்கும் உதவும். ஆகவே அந்த நாயை அடித்துக் கொல்வதோ விரட்டிவிடுவதோ கூடாது.

யார் பொறுப்பு?

ஒருவரது செயலாலோ கவனக்குறைவாலோ மற்றவருக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்யும் தொகையே இழப்பீடு. அது தானமுமன்று, தண்டனையுமன்று. கடிபடாமல் இருந்திருந்தால் அந்த மாணவி எந்த நிலையில் இருந்திருப்பாளோ, பணத்தால் இயன்றவரை அந்த நிலைக்கு அவளைத் திருப்பிக் கொண்டுவருவதே அதன் நோக்கம்.

தீபகற்ப மலேசியாவில், 1956-ஆம் ஆண்டு குடியியல் சட்டத்தின் வழியாக, அந்நாளைய இங்கிலாந்தின் பொதுச் சட்டக் கோட்பாடுகள் இத்தகைய வழக்குகளில் பின்பற்றப்படுகின்றன. அவற்றின்படி உரிமையாளரின் பொறுப்பை இரண்டு வழிகளில் நிறுவலாம்.

முதல் வழி, அறிந்திருத்தல். தம் விலங்கு கடிக்கும் இயல்புடையது என்பதை உரிமையாளர் முன்பே அறிந்திருந்தால், அது விளைவிக்கும் தீங்குக்கு அவரே பொறுப்பு. இங்கிலாந்தில் 1846-ஆம் ஆண்டு தீர்க்கப்பட்ட ஒரு புகழ்பெற்ற வழக்கு நாயைப் பற்றியதன்று, குரங்கைப் பற்றியது. குரங்கு கடிக்கும் என்று தெரிந்தும் அதை வைத்திருந்தவர், தாம் கவனமாகத்தான் இருந்ததாகக் கூறித் தப்பிக்க முடியாது என்று அதில் தீர்ப்பளிக்கப்பட்டது. இந்தக் கோட்பாட்டில் ஒரு சிக்கலும் உண்டு. நாய் இயல்பாகவே கொடிய விலங்கு என்று சட்டம் கருதுவதில்லை. இதற்குமுன் யாரையும் கடிக்காத, கடிக்க முற்படாத நாய் என்றால், உரிமையாளர் அறிந்திருந்தார் என்று காட்டுவது கடினம்.

இங்குதான் சிறிய செய்திகள் பெரிய சான்றாகின்றன. மேற்கண்ட மாணவியின் அம்மா, தாமான் குடியிருப்பாளர்களின் வாட்சாப் குழுவில் பழைய செய்திகளைத் தேடிப் பார்க்கிறார் என்று கொள்வோம். மூன்று மாதங்களுக்கு முன் அதே அண்டை வீட்டுக்காரர், "கேஸ் கொண்டு வந்த தம்பியை எங்க நாய் கடிச்சிருச்சு, மன்னிக்கணும்," என்று எழுதியிருக்கிறார். அன்று மனச்சான்றோடு எழுதிய வரி அது. அவர் அறிந்திருந்தார் என்பதற்கு இன்று அதுவே சான்று.

இரண்டாம் வழி, கவனக்குறைவு. நாய் முன்பு கடித்ததில்லை என்றாலும், சாலையோரக் கதவைத் திறந்து வைத்ததும் நாயைக் கட்டாமல் விட்டதும் நியாயமான கவனமுள்ள ஒருவர் செய்யக்கூடியவையா என்று நீதிமன்றம் கேட்கும். "நாய் உண்டு, கவனம்" என்று பலகை மாட்டிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். சாலையில் செல்பவருக்கு அந்தப் பலகை வேலியாகாது. நாயின் இயல்பை உரிமையாளர் அறிந்திருந்தார் என்று வாதிடவும் அதே பலகை பயன்படலாம்.

கடிபட்டவருக்கும் பொறுப்பு உண்டு. அனுமதியின்றிப் பிறர் வளவுக்குள் நுழைந்தவர், நாயைக் கல்லெறிந்து சீண்டியவர் ஆகியோரின் பங்கும் கணக்கில் எடுக்கப்படும். அவரவர் தவற்றின் அளவுக்கேற்ப இழப்பீட்டைக் குறைக்கக் குடியியல் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

இவை தவிர, குற்றவியல் சட்டமும் உண்டு. தம்மிடமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில் அதைத் தடுக்கத் தவறுவது தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். இதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அபராதம் அரசாங்கத்திற்குச் செல்லும், கடிபட்டவருக்குச் செல்லாது. இழப்பீடு என்பது வேறு என்பதை இதனால் உணரலாம்.

உரிமையாளர் இல்லாத நாய்

பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் நாய் வெறும் காவல் விலங்கு மட்டுமன்று. விடியுமுன் இருட்டில் நிரைக்குச் செல்லும் தொழிலாளிக்கு அது துணை. பாம்பையும் காட்டுப்பன்றியையும் கண்டால் முதலில் குரைப்பதும் அதுதான். லயத்தில் நாய் எல்லார் வீட்டிலும் சோறு தின்னும், எல்லாரையும் அறியும். அதைக் கட்டி வைக்க வேண்டிய தேவையும் குறைவு.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறியும் போனபோது, மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். அடுக்குமாடி வீட்டில் நாய்க்கு இடமில்லை. பின்தங்கிய நாய்களும் அவற்றின் குட்டிகளும் தெருநாய்களாயின. உடன் வந்த நாய்களுக்கோ தாமானில் நடமாடும் எல்லாரும் அந்நியர். தோட்டத்து வழக்கப்படி நாயை அவிழ்த்து விடுவது தாமானில் ஆபத்தாக முடிகிறது. பாட்டி காலத்து நாயும் பேத்தி காலத்து நாயும் ஒன்றே. அவை வாழும் இடம்தான் மாறிவிட்டது.

உரிமையாளர் இல்லாத நாய் கடித்தால் இழப்பீடு கேட்பது மலேசியாவில் எளிதன்று. ஊராட்சி மன்றத்தின்மீது வழக்குத் தொடுக்க விரும்புபவர், மன்றம் தன் கடமையில் கவனக்குறைவாக இருந்தது என்று நிறுவ வேண்டும். அதற்குரிய கால வரம்பும் குறுகியது, 36 மாதங்களே. ஒரே இடத்தில் தெருநாய்களைப் பற்றிப் பலர் முன்பே எழுத்து மூலம் புகார் செய்திருந்தால், அப்புகார்கள் பின்னாளில் உதவக்கூடும். ஆகவே, கடிபடுவதற்கு முன்பே புகார் செய்வது வீண் வேலையன்று.

இந்தியாவில் நீதிமன்றங்கள் இவ்வகையில் வேறு பாதையைக் காட்டியுள்ளன. கேரளாவில் தெருநாய்க் கடிக்கு ஆளானோரின் முறையீடுகளை ஆராய்ந்து இழப்பீட்டைப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி சிரிஜகன் தலைமையில் 2016-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்தது. 2023-ஆம் ஆண்டு நவம்பரில் பஞ்சாப், அரியானா உயர் நீதிமன்றம் ஓர் அளவுகோலையே வகுத்தது. ஒவ்வொரு பல் தடத்திற்கும் குறைந்தது 10,000 ரூபாய். சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டர் காயத்திற்கும் குறைந்தது 20,000 ரூபாய். அத்தொகையை வழங்கும் முதற்பொறுப்பு மாநில அரசுடையது என்றும் அந்நீதிமன்றம் கூறியது. தெருநாய்க் கடி தனிமனிதனின் தலைவிதியன்று, பொது நிர்வாகத்தின் பொறுப்பு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

எவ்வளவு? எங்கே?

இழப்பீட்டுக் கணக்கில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று, ரசீது காட்டக்கூடிய செலவுகள். மற்றொன்று, வலி, வேதனை, தழும்பு போன்ற ரசீது இல்லாத இழப்புகள்.

அம்மாணவியின் அம்மா முதற்பகுதியை ஒரு தாளில் எழுதுகிறார். மருத்துவமனைக்கு ஐந்து முறை சென்று வந்த போக்குவரத்து 120 ரிங்கிட். மருந்தும் கட்டும் 140 ரிங்கிட். சீருடை 55 ரிங்கிட். மிதிவண்டிப் பழுது 65 ரிங்கிட். மகளை அழைத்துச் செல்ல வேலைக்குப் போகாததால் இழந்த இரண்டு நாள் சம்பளம் 160 ரிங்கிட். ஆக மொத்தம் 540 ரிங்கிட். கணக்கு தெளிவாக இருக்கும்போது பேச்சில் கோபம் குறைகிறது.

முதல் படி நீதிமன்றம் அன்று, கடிதம். நடந்ததையும் செலவையும் எழுதி, ரசீது நகல்களை இணைத்து, மறுமொழிக்கு ஒரு நாள் குறித்து உரிமையாளரிடம் கொடுக்கலாம். உடன்பாடு ஏற்பட்டால் அதையும் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். ஆனால் சிகிச்சை முடியுமுன் "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று கையொப்பமிடுவது அறிவுடைமை ஆகாது. தழும்போ தொற்றோ பின்னர்தான் தெரியவரும்.

உடன்பாடு இல்லையெனில், 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி, 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத கோரிக்கையைச் சிறு கோரிக்கை நடைமுறையில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். இதற்கு 198-ஆம் எண் பாரம் உண்டு. வழக்கறிஞர் இல்லாமல் தாமே வழக்காட வேண்டும். அதற்கு மேற்பட்டு 100,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளையும் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விசாரிக்கும். அத்தகைய வழக்கில் வழக்கறிஞரின் ஆலோசனை நலம் தரும். வசதி குறைந்தோர் சட்ட உதவித் துறையை அணுகலாம்.

தனியார்மீது இத்தகைய வழக்கைத் தொடுக்கத் தீபகற்ப மலேசியாவில் ஆறு ஆண்டு கால வரம்பு உண்டு. 18 வயதை எட்டாதவர் தாமே வழக்குத் தொடுக்க இயலாது. பெற்றோரோ பாதுகாவலரோ அவர் சார்பில் தொடுப்பார்.

வேலையில் இருக்கும்போது கடிபடுபவருக்கு வேறொரு வழியும் உண்டு. கடிதமோ பொருளோ கொண்டு செல்பவர், மின்மானி படிப்பவர், வேலைக்குச் செல்லும் வழியில் கடிபட்ட தொழிலாளி ஆகியோர் சொக்சோவில் காப்புறுதி பெற்றிருந்தால், வேலை விபத்தாக அதைத் தெரிவிக்கலாம். விபத்து நடந்த நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பு கிடைத்திருந்தால், சட்டம் கணக்கிடும் நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமைத் தொகையாக வழங்கப்படும். உடனே முதலாளியிடம் தெரிவிப்பதே இதற்கு முதல் நிபந்தனை.

கேட்பது பகை ஆகுமா?

இனி, பாட்டியின் கேள்விக்கு வரலாம். அண்டை வீட்டாரிடம் பணம் கேட்டால் உறவு முறியாதா?

கேட்காவிட்டால் உறவு நிலைக்கும் என்பது உறுதியில்லை. கேட்காத குடும்பம் மனத்துக்குள் கசப்பை வளர்க்கும். அவ்வீட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பிள்ளை அஞ்சும். உரிமையாளரோ, ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணிக் கதவை மீண்டும் திறந்தே வைப்பார். அடுத்த முறை கடிபடுவது ஐந்து வயதுக் குழந்தையாக இருக்கலாம்.

அந்த மாணவியின் குடும்பம் கடிதத்தோடு நால்வராகச் செல்வதாகக் கொள்வோம். பேச வேண்டியவர் பாட்டியே என்று முடிவாகிறது. "தம்பி, உங்ககிட்ட சண்டை போட வரல. பிள்ளைக்கு ஆன செலவு இது. நாயையும் அடிச்சு விரட்டிராதீங்க, வாயில்லா ஜீவன். கதவை மட்டும் சரி பண்ணுங்க," என்கிறார் அவர். உரிமையாளர் தாளை வாங்கி நெடுநேரம் பார்க்கிறார். பிறகு, "சம்பளம் வந்ததும் பாதி, அடுத்த மாசம் மீதி கொடுத்திடுறேன் பெரியம்மா," என்கிறார். அதை எழுதிக் கையொப்பமிடுகின்றனர். மறுவாரம் கதவுக்குப் புதிய தாழ்ப்பாள் வருகிறது. நாய்க்கு உரிமமும் தடுப்பூசியும் கிடைக்கின்றன.

எல்லா வழக்குகளும் இப்படி முடிவதில்லை. சில நீதிமன்றம் வரை செல்லும். செல்வதில் தவறும் இல்லை. ஆனால் எங்கு முடிந்தாலும், இழப்பீடு கேட்பவர் பிறர் பணத்தை விரும்புபவர் அல்லர். தமக்கு நேர்ந்த இழப்பைக் கணக்கோடும் சான்றோடும் கூறி, உரியவர் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்பவர் அவர். பொறுப்பேற்பவர் இருக்கும் தெருவில்தான் பிள்ளைகள் அச்சமின்றி மிதிவண்டி ஓட்ட முடியும்.

சிந்தனை வினாக்கள்

1. நாய்க்கடிக்கு ஆளானவர் இழப்பீட்டைப் பற்றி எண்ணுவதற்கு முன் செய்ய வேண்டியவை யாவை?
2. வாட்சாப் செய்தி எவ்வாறு சான்றாக அமைகிறது? கண்ணகியின் சிலம்போடு ஒப்பிட்டு விளக்குக.
3. அபராதத்திற்கும் இழப்பீட்டிற்கும் உள்ள வேறுபாடு என்ன?
4. தோட்டத்து நாய், தாமான் நாய் ஆகியவற்றின் வாழ்நிலை வேறுபாட்டைப் பனுவலின் துணையுடன் எழுதுக.
5. "அக்கம்பக்கத்தில் காசு கேட்கக் கூடாது" என்னும் பாட்டியின் தொடக்கக் கருத்தை நீர் ஏற்கிறீரா? காரணம் காட்டுக.
6. அம்மாணவியின் அம்மா நாயின் உரிமையாளருக்கு எழுதும் கடிதத்தை 120 சொற்களில் எழுதுக.